பிறந்த ஊர் தந்த வேலையும் மனம் தேடிய தொழிலும்

தத்தம் இயல்புக்கு ஏற்ற தொழிலைத் தேர்ந்துகொள்ளுங்கள் என்பது இன்று பள்ளி மாணவர்க்கு ஓயாது சொல்லப்படும் அறிவுரை. என்றும் இருந்துவந்த வழக்கம் போல அது ஒலிக்கிறது. வரலாற்றை நோக்கின் அது மிக அண்மைக் காலத்துக் கருத்து என்பது விளங்கும். இன்னாரிடம் இன்ன வேலையை ஒப்படைக்க வேண்டும் என்று ஆராய்வதற்குத் திருவள்ளுவர் 'தெரிந்துவினையாடல்' என ஓர் அதிகாரமே வகுத்தார். ஆயினும் அவ்வதிகாரம் வேலை தரும் அரசனை நோக்கியது. வேலை தேடும் இளைஞனை நோக்கியதன்று. தேர்வு செய்யும் உரிமையைத் தொழில் தேடுபவன் கையிலேயே கொடுக்க முனைந்தவர் பிராங்க் பார்சன்ஸ் என்னும் அமெரிக்கர். 1908ஆம் ஆண்டில் பாஸ்டன் நகரில் அவர் தொழில் வழிகாட்டு நிலையம் ஒன்றைத் தொடங்கினார். உன்னை அறி, தொழில்களை அறி, இரண்டையும் பொருத்திப் பார் என்பதே அவர் முறையின் சுருக்கம். மனிதரின் இயல்பை ஆறு வகையாகப் பகுத்துத் தொழிலோடு இணைத்த ஜான் ஹாலண்டின் கோட்பாடு 1959இல் வெளிவந்தது.

ஆசிரியர் பயிற்சியில் இவ்விருவர் பெயரையும் கேளாதார் அரியர். ஆனால் சிங்கப்பூர்த் தமிழரின் வரலாற்றை இக்கோட்பாடுகளின் அருகில் வைத்துப் பார்த்தோர் எத்தனை பேர்? அங்ஙனம் பார்ப்பின் ஒன்று புலனாகிறது. நம்மவருள் தம் இயல்புக்கேற்ற தொழிலை அடைந்தோர் அதனை முதல் வேலையில் அடைந்திலர். இரண்டாவது, மூன்றாவது வேலையிலேயே அடைந்தனர்.

முதல் வேலையைத் தீர்மானித்தது பெரும்பாலும் பிறந்த ஊரே. பத்தொன்பதாம் நூற்றாண்டில் சிங்கப்பூருக்குக் கப்பலேறியவன் எவ்வூரான், எக்குலத்தான் என்று தெரிந்தால், அவன் என்ன வேலைக்குப் போகிறான் என்று துறைமுகத்தில் நின்றபடியே சொல்லிவிடலாம். செட்டிநாட்டான் மார்க்கெட் தெருவுக்குச் செல்வான். சூலியா எனப்பட்ட சோழமண்டலக் கரையின் தமிழ் முஸ்லிம் நாணயம் மாற்றுவான், அல்லது ஆற்றில் தொங்கான் ஓட்டுவான். யாழ்ப்பாணத்தான் ஆங்கிலம் கற்றவனாதலின் அலுவலக நாற்காலி அவனுக்குக் காத்திருக்கும். மற்ற மாவட்டத்து ஏழை சாலைக்கோ, கப்பல் துறைக்கோ, நகரசபையின் துப்புரவுப் பணிக்கோ போவான். அவன் சாந்தமானவனா, துடிப்பானவனா, கணக்கில் விருப்பமுள்ளவனா, மரத்தில் கைவைத்தால் சிலை செய்பவனா என்று எவரும் கேட்டதில்லை.

இவற்றுள் செட்டிமார் கிட்டங்கி ஒரு தனி உலகம். ஒரே நீண்ட கூடத்தில் பல வட்டிக் கடைகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு பெட்டி, அதன்முன் ஓர் ஆள். ஊரிலிருந்து வரும் சிறுவன் பெட்டியடிப் பையனாகச் சேர்ந்து, தவணைகள் பல கண்டு, அடுத்தாளாகி, திறமையிருப்பின் மேலாளாவான். ஒரு தவணை பெரும்பாலும் மூன்று ஆண்டு. சிறந்த பயிற்சிமுறைதான், மறுப்பதற்கில்லை. கணக்கிலே நாட்டமில்லாத பையன் அங்கே என்ன செய்தான் என்று மட்டும் எந்தப் பேரேடும் சொல்லவில்லை.

ஆளின் இயல்பையும் கைத்திறனையும் பார்த்து வேலை கொடுத்த ஓர் இடம் அக்காலச் சிங்கப்பூரில் இருந்தது. அது எது என்று கேட்டால் வியப்பாக இருக்கும்: சிறைச்சாலை! 1825ஆம் ஆண்டு ஏப்ரலில் பென்கூலனிலிருந்து இந்தியக் கைதிகள் இங்குக் கொண்டுவரப்பட்டனர். சென்னை மாகாணத்தாரும் வங்கத்தாரும் பிறரும் அவர்களுள் இருந்தனர். ஆதலின் எல்லோரையும் தமிழர் என்று உரிமை கொண்டாடுதல் பொருந்தாது. 1873இல் இம்முறை ஒழியும் வரை, நகரின் சாலைகளையும் பாலங்களையும் பெரும் கட்டடங்களையும் எழுப்பியவர்கள் இவர்களே. கண்காணிப்பாளராக இருந்த மக்நேர் பின்னாளில், 1899இல், இம்முறையைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். கைதிகள் ஆறு வகுப்பாகப் பிரிக்கப்பட்டனர். புதிதாக வந்தவன் கீழ் வகுப்பில் கடும் வேலை செய்வான். ஒழுக்கத்தால் உயர்ந்தவன் மேல் வகுப்புக்கு ஏறி, ஊரில் தங்கித் தன் பிழைப்பைத் தானே பார்த்துக்கொள்ளும் அனுமதிச் சீட்டும் பெறுவான். காவல் பார்த்தவரும் கைதிகளுள் தேர்ந்தெடுக்கப்பட்டவரே. பிராஸ் பசா சிறைப் பட்டறைகளில் தச்சு, கொல்லு, நெசவு, தையல், கல்வேலை எனப் பலவும் கற்பிக்கப்பட்டன. அச்சுத் தொழிலும் நிழற்படம் எடுத்தலும்கூட இருந்தன. அஞ்சா நெஞ்சர் சிலரைப் புலி வேட்டைக்கும் அனுப்பினார்கள்! அதற்கு இயல்பு பொருந்தியே ஆக வேண்டும் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ?

1856இல் அடிக்கல் நாட்டப்பெற்று 1862இல் புனிதப்படுத்தப்பெற்ற செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயத்தின் உட்சுவர் இக்கைகளின் வேலைப்பாடு. சிப்பிச் சுண்ணாம்பு, முட்டை வெண்கரு, கருப்பட்டி போன்ற முரட்டுச் சர்க்கரை ஆகியவற்றைக் குழைத்து, தேங்காய் மட்டை ஊறிய நீர் சேர்த்துப் பூசி, உலர்ந்தபின் உருண்டைக் கல்லால் தேய்த்துப் பளபளப்பாக்கும் சென்னைச் சாந்து முறை அது. தண்டனை பெற்று வந்தவர் கைத்தொழிலாளராக விடுதலை பெற்றனர். அடிமைத்தனத்தைப் புகழ்வதற்காக இதைக் கூறவில்லை. விடுதலையோடு கப்பலேறிய கூலிக்குக் கிடைக்காத தொழிற்பயிற்சி, விலங்கோடு வந்தவனுக்குக் கிடைத்தது என்பதே நம் நெஞ்சை உறுத்துவது.

இதற்கு முன்பே, பிறர் தந்த வேலையிலிருந்து தன் வேலைக்குத் தாவிய ஒருவரைச் சிங்கப்பூர் கண்டிருக்கிறது. நாராயண பிள்ளை பினாங்கில் அரசாங்க ஊழியராக இருந்தவர். 1819ஆம் ஆண்டு மே மாதம் ராபிள்ஸ் இரண்டாம் முறை சிங்கப்பூருக்கு வந்தபோது, அவருடன் அதே கப்பலில் வந்து சேர்ந்தார். முதலில் அவர் பார்த்தது கருவூலத்தில் நாணய நோட்டம் பார்க்கும் வேலை. அதில் அவர் நீடிக்கவில்லை. குடியேற்றம் பெருகுகிறது, வீடுகள் வேண்டும், வீட்டுக்குச் செங்கல் வேண்டும் என்று கண்டார். பினாங்குக்கு ஆளனுப்பிக் கொத்தரையும் தச்சரையும் வரவழைத்து, தஞ்சோங் பகாரில் இவ்வூரின் முதல் செங்கல் சூளையை அமைத்தார். பிறகு துணிக்கடை. 1822இல் கடை தீக்கிரையாகிக் கடனாளியானார். ராபிள்ஸின் உதவியால் புதிய இடம் பெற்று மீண்டும் எழுந்தார். சவுத் பிரிட்ஜ் சாலை மாரியம்மன் கோயிலை 1827இல் மரமும் அத்தாப்பும் கொண்டு முதலில் எழுப்பியவரும் இவரே. காசைச் சுண்டி ஓசை கேட்டுக் காலம் கழிக்கப் பிறந்தவரல்லர் அவர்.

சிராங்கூன் சாலைப் பக்கமும் பின்னர்ச் செங்கல் சூளைகளும் சுண்ணாம்புக் காளவாய்களும் பெருகின. நம்மவர் அவ்விடத்தைச் சுண்ணாம்புக் கம்பம் என்றே அழைத்தனர். மாட்டுத் தொழுவங்கள் வந்தன. எருமையின் பெயரால் இன்றும் அங்கே தெரு உண்டு. வேலை ஆளை இழுத்தது, வந்தவன் தன் ஊராரை இழுத்தான், பேட்டை வளர்ந்தது. உறவினன் பிடித்துக் கொடுத்த வேலையை விட்டு விலகுவது நன்றி கொன்ற செயலாகக் கருதப்பட்ட காலம்!

இந்த வேலியைத் தாண்டியவருள் ஒருவர் தமிழவேள் கோ. சாரங்கபாணி. 1903இல் திருவாரூரில் பிறந்து, 1924இல் இங்கு வந்தவர். அவருக்கும் முதலில் வாய்த்தது மார்க்கெட் தெரு வணிக நிறுவனமொன்றில் கணக்கெழுதும் வேலைதான். ஐந்து ஆண்டுகளில் அவர் 'முன்னேற்றம்' இதழின் ஆசிரியப் பொறுப்பில் இருந்தார். 1935இல் 'தமிழ் முரசு' பிறந்தது. தமிழர் திருநாள், மாணவர் மணிமன்றம், மலாயாப் பல்கலைக்கழகத்தில் தமிழுக்கு இடம் வேண்டித் திரட்டிய 'தமிழ் எங்கள் உயிர்' நிதி எனப் பின்னர் விரிந்தவை யாவும் கணக்குப் பேரேட்டை மூடியதன் விளைவுகள். பத்திரிகைத் தொழில் செல்வம் தரவில்லை. 1974இல் அவர் மறையும் வரை இன்னலும் அதனோடு வந்தது. இயல்புக்கு ஏற்ற தொழில் என்றால் இன்பமான தொழில் என்று பொருள் கொள்வோர் அவர் வாழ்வைப் பார்க்க வேண்டும்.

சட்டம் பயில இலண்டன் சென்ற சி. இராசரத்தினம் போர் குறுக்கிட்டதால் பட்டமின்றி, பத்திரிகையாளராகத் திரும்பினார்; 1965 முதல் 1980 வரை நாட்டின் வெளியுறவு அமைச்சராக விளங்கினார். இது பலரும் அறிந்தது.

எஸ். ஆர். நாதனின் கதையோ இன்னும் வளைவு மிகுந்தது. 1924இல் பிறந்தவர், சிறு வயதில் தந்தையை இழந்தார். பள்ளியிலிருந்து விலக்கப்பட்டார், பதினாறு வயதில் வீட்டைவிட்டு ஓடினார். ஜப்பானியர் காலத்தில் மொழிபெயர்ப்பாளர், போருக்குப்பின் ஜொகூரில் எழுத்தர். அஞ்சல்வழி படித்து, பல்கலைக்கழகம் புகுந்து, 1954இல் சமூகவியல் பட்டயம் பெற்றபோது அவருக்கு வயது முப்பது. மருத்துவமனையில் சமூகப் பணியாளர். 1956 முதல் கப்பல் மாலுமிகளின் நல அதிகாரி. பிறகு தொழிற்சங்க ஆய்வுப் பிரிவு. கோபத்தோடு வருபவனை உட்காரவைத்துப் பேசும் பழக்கம் அங்கேதான் முதிர்ந்திருக்க வேண்டும் என்பது என் கருத்து. 1974இல் லாஜு படகைக் கைப்பற்றியவர்களுக்குப் பாதுகாப்பான வழிவிட நேர்ந்தபோது, அவர்களோடு குவைத்துக்கு விமானமேறிச் சென்ற குழுவுக்குத் தலைமை தாங்கியவர் அவர். 1999 முதல் 2011 வரை சிங்கப்பூரின் அதிபர். பதினாறு வயதில் அவரை எந்தத் தேர்வுத்தாளில் அளந்திருந்தாலும் இவற்றுள் ஒன்றையேனும் அது காட்டியிருக்குமோ?

தேர்வுத்தாள் பயனற்றது என்று கூறவில்லை. பெரியவனானால் என்ன ஆவாய் என்று தோட்டப் பள்ளிப் பிள்ளையைக் கேட்டால், ஆசிரியர், மருத்துவர், போலீஸ் என்ற மூன்றில் ஒன்று விடையாக வரும். அவன் கண்ணால் கண்டது அம்மூன்றே. பார்சன்ஸ் சொன்ன 'தொழில்களை அறி' என்னும் பகுதிதான் நம் பிள்ளைகளிடம் முதலில் இடறுகிறது. அந்தப் பார்சன்ஸும் பொறியியல் படித்து இரயில்வே நிறுவனத்தில் சேர்ந்தவர். அது நொடித்துப் போனபின் இரும்பாலையில் கூலி வேலை செய்தார், பள்ளியில் கற்பித்தார், வழக்கறிஞரானார். தொழில் வழிகாட்டி என்பது அவருடைய கடைசி வேலை.

தொழில் மாறுவதற்கு இன்று சிங்கப்பூரில் அரசே வழி செய்கிறது. ஸ்கில்ஸ்பியூச்சர் திட்டம் 2015இல் அறிவிக்கப்பட்டது. நாற்பது வயதும் அதற்கு மேலும் ஆன குடிமக்களுக்கு மறுபயிற்சிக்கென 2024இல் 4,000 வெள்ளி கூடுதலாக வழங்கப்பட்டது. ஆயின் ஞாயிற்றுக்கிழமை மாலை சிராங்கூன் சாலைக்குப் போய்ப் பாருங்கள். தமிழ்நாட்டிலிருந்து வந்த இளைஞர்கள் கூட்டங் கூட்டமாக நிற்பார்கள். பட்டயப் படிப்பு முடித்தவரும் அவர்களுள் உண்டு. எந்த முதலாளியிடம், என்ன வேலை என்பது அவர்களுடைய வேலை அனுமதியிலேயே குறிக்கப்பட்டிருக்கும். அதைப் பெரும்பாலும் ஊரில் ஒரு முகவர் முன்பே முடிவு செய்திருப்பார்.