ஒரு மேற்கோள் குறி தின்ற முகவரி

வேலைக்குச் சேர்ந்த புதுசுல நான் எழுதின எடிட் ஃபார்ம் ஒருத்தரோட முகவரியை அழிச்சிடுச்சு. டேட்டாபேஸ்ல "அன்னை இல்லம்", 4வது தெருன்னு சரியாத்தான் இருந்தது. ஃபார்மைத் திறந்தா பெட்டி காலி. அவர் போன் நம்பரை மட்டும் மாத்தி சேவ் கொடுத்தார். காலி முகவரியும் சேர்ந்து சேவ் ஆயிடுச்சு.

காரணம் தெரிய 1995க்குப் போகணும். அந்த நவம்பர்ல வந்த எச்டிஎம்எல் 2.0 தரநிலையில இன்புட் பெட்டிக்கு 'வேல்யூ' உண்டு. அதுல எழுதுறதுதான் பெட்டிக்குள்ள தெரியும். அதே வருஷம் ராஸ்மஸ் லெர்டார்ஃப் பிஎச்பியை வெளியிட்டார். டேட்டாபேஸ்ல இருந்து எடு, வேல்யூவுக்குள்ள எக்கோ பண்ணு. இன்னைக்கும் புதுசா கத்துக்கிறவங்களுக்கு அதுதான் முதல் பாடம்.

ஆனா வேல்யூ இரட்டை மேற்கோளுக்குள்ள இருக்கு. தகவலிலேயே அந்தக் குறி வந்தா, மதிப்பு அங்கேயே முடிஞ்சதுன்னு பிரவுசர் எடுத்துக்கும். அந்த முகவரியோட முதல் எழுத்தே மேற்கோள் குறி! கெட்ட எண்ணம் உள்ளவங்க இதே ஓட்டை வழியா ஸ்கிரிப்ட்டையே நுழைக்கலாம். 2000 பிப்ரவரியில அமெரிக்காவின் செர்ட் மையம் இந்த மாதிரித் தாக்குதலைப் பத்தி எச்சரித்தது. 2008ல ஜாங்கோ 1.0, 2010ல ரெயில்ஸ் 3 இரண்டும் இந்தக் குறிகளைத் தானாகவே மாற்றிக் காட்டின.

வெறும் பிஎச்பின்னா 'எச்டிஎம்எல் ஸ்பெஷல் கேர்ஸ்' ஃபங்ஷனை நாமதான் போடணும். சேமிக்கும்போது இல்ல, காட்டும்போது. நான் விட்டது அந்த ஒரே ஃபங்ஷன். பேக்கப்ல இருந்து முகவரியை மீட்டோம், பேக்கப் இல்லாட்டி?