கொல்லிமலையில் குற்றம் சாட்டப்பட்டோரின் உரிமைகள்

குற்றம் சாட்டப்பட்ட ஒருவர், தீர்ப்பு வரும்வரை நிரபராதியாகவே கருதப்படுவார் என்பது இந்தியக் குற்றவியல் சட்டத்தின் அடிப்படை. அவருக்கான பாதுகாப்புகளை அரசியலமைப்பின் 20, 21, 22, 39-அ ஆகிய பிரிவுகளும், 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவும் வகுக்கின்றன. நாமக்கல் மாவட்டத்தின் கொல்லிமலையில் பெரும்பான்மையினர் பட்டியல் பழங்குடியினரான மலையாளிகள் என்பதால், அவர்களுக்கென உள்ள தனிச் சட்டங்களும் இங்கே முக்கியத்துவம் பெறுகின்றன.

கைது

கைதுக்கான காரணத்தை உடனே தெரிவிப்பது காவல்துறையின் கடமை. காரணம் தெரிவிக்கப்படாத கைது செல்லாது என்று 2025 பிப்ரவரியில் விஹான் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. டி.கே. பாசு வழக்கில் 1996இல் விதிக்கப்பட்ட நெறிமுறைகள் இன்று சட்டத்திலேயே இடம்பெற்றுள்ளன. கைதுக் குறிப்பில் குடும்பத்தார் ஒருவரோ ஊர்ப் பெரியவர் ஒருவரோ சாட்சிக் கையெழுத்திட வேண்டும். கைதானவரும் கையெழுத்திட வேண்டும். உறவினருக்குத் தகவல் போக வேண்டும். விசாரணையின்போது வழக்கறிஞரைச் சந்திக்கவும் உரிமை உண்டு.

கைதானவரை 24 மணி நேரத்திற்குள் நடுவர் முன் நிறுத்த வேண்டும். பயணத்திற்குத் தேவையான நேரம் மட்டும் இக்கணக்கில் சேராது. காரவள்ளி அடிவாரத்துக்கு 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து இறங்க வேண்டிய மலையில் இந்த விலக்கு கவனத்திற்குரியது. பயணத்திற்கு உண்மையில் ஆகும் நேரத்தைத்தான் கழிக்கலாம். மலைப்பாதையைக் காரணம் காட்டிக் காவலை நீட்டிக்கச் சட்டம் இடம் தரவில்லை.

இலவசச் சட்ட உதவி

1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையங்கள் சட்டத்தின் 12ஆம் பிரிவின்படி, பழங்குடியினர், பெண்கள், குழந்தைகள், காவலில் உள்ளோர் ஆகியோருக்கு வருமான வரம்பின்றி இலவச வழக்கறிஞர் கிடைப்பார். நாமக்கல் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவையோ 15100 என்ற தேசிய உதவி எண்ணையோ அணுகலாம்.

இந்த உரிமை கேட்டவருக்கு மட்டும் உரியதன்று. அருணாசலப் பிரதேசத்தைச் சேர்ந்த சுக் தாஸ், வழக்கறிஞர் இல்லாமலே விசாரிக்கப்பட்டுத் தண்டனை பெற்றார். அவர் உதவி கேட்கவில்லை என்ற வாதத்தை 1986இல் உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. தண்டனையையே ரத்து செய்தது. தமக்கு இப்படியோர் உரிமை உண்டு என்பதே தெரியாதவரிடம் அதைக் கேட்கும்படி எதிர்பார்க்க முடியாது. எனவே அதை எடுத்துச் சொல்லும் பொறுப்பு நீதிமன்றத்தைச் சேர்ந்தது.

பிணை

ஏழைகளுக்குப் பிணை கிடைப்பதைவிட ஜாமீன்தாரர் கிடைப்பதே கடினம். 1978இல் மோதி ராம் வழக்கில், ஒரு கொத்தனாருக்குப் பத்தாயிரம் ரூபாய் ஜாமீன் கேட்டதையும், வேறு மாவட்டத்தில் இருந்த சகோதரரின் ஜாமீனை ஏற்க மறுத்ததையும் உச்ச நீதிமன்றம் கண்டித்தது. பத்தாண்டு அல்லது அதற்கு மேற்பட்ட தண்டனைக்குரிய குற்றங்களில் 90 நாளுக்குள்ளும், மற்றவற்றில் 60 நாளுக்குள்ளும் குற்றப்பத்திரிகை தாக்கலாகாவிட்டால், காவலில் உள்ளவர் பிணை கோரலாம்; அதை மறுக்க இயலாது.

விசாரணை

தனக்கு எதிராகத் தானே சாட்சி சொல்ல யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது. காவல் அதிகாரியிடம் தந்த ஒப்புதல் வாக்குமூலத்தைக் குற்றத்தை நிரூபிக்கப் பயன்படுத்த முடியாது. ஊர்த் தலைவரான ஊர்க்கவுண்டர் முன்னிலையில் சமரசம் ஏற்பட்டாலும் பதிவான வழக்கு தானாக முடிந்துவிடாது. சமரசத்துக்குரிய குற்றங்களையும் நீதிமன்றம் வழியாகவே முடித்துக்கொள்ள வேண்டும்.

பழங்குடியினருக்கான தனிப் பாதுகாப்பு

2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம், மரபாகச் சேகரித்து வந்த தேன், மெழுகு, மூங்கில், மூலிகை, கிழங்கு போன்ற சிறு வனப் பொருட்களின் மீது பழங்குடியினருக்கு உரிமை தருகிறது. வனக் குற்ற வழக்கில் இது வலுவான எதிர்வாதமாகும். வேட்டையும் சந்தன மரமும் இதில் அடங்கா. பழங்குடியினர் மீது பொய் வழக்குத் தொடுப்பது வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின்படி தனிக் குற்றம்.

இப்பாதுகாப்புகள் மீறப்பட்டால் என்ன நேரும் என்பதற்குத் தருமபுரி மாவட்டத்தின் வாச்சாத்தி சான்று. 1992 ஜூன் 20 அன்று, சந்தனக் கட்டை தேடுவதாகச் சொல்லி மலையாளிகளின் அவ்வூருக்குள் வனம், காவல், வருவாய்த் துறையினர் புகுந்தனர். 18 பெண்கள் பாலியல் வன்முறைக்கு ஆளாயினர். கிராமத்தார் பலர் சிறையில் அடைக்கப்பட்டனர். குற்றம் சாட்டப்பட்ட அலுவலர்கள் 269 பேரில் 54 பேர் விசாரணைக் காலத்தில் இறந்தனர். எஞ்சிய 215 பேருக்கும் 2011இல் தண்டனை வழங்கப்பட்டது. சென்னை உயர் நீதிமன்றம் 2023இல் அதை உறுதி செய்தது.