இரு திருநெல்வேலிகளும் சிவஞானசித்தியாரும்

ஒரு நூலின் பெருமை பலர் அதனைப் போற்றுதலால் மாத்திரம் விளங்குவதன்று. கற்றுவல்ல சான்றோர் அதன்கண் வெவ்வேறு பொருள் கண்டு தம்முள் மாறுபடுதலானும் அதன் ஆழம் புலப்படும். சைவசித்தாந்த சாத்திரங்களுள் அத்தகைய சிறப்பு வாய்ந்தது சிவஞானசித்தியார். 13ஆம் நூற்றாண்டில் மெய்கண்ட தேவநாயனார் அருளிய சிவஞானபோதத்தின் 12 சூத்திரப் பொருளையும் அவர்தம் மாணாக்கர் அருணந்தி சிவாசாரியார் விரித்தோதிய வழிநூல் அது. அதன் சுபக்கத்துக்கு மறைஞான தேசிகர், சிவாக்கிர யோகிகள், ஞானப்பிரகாசர், சிவஞான யோகிகள், நிரம்பவழகிய தேசிகர், சுப்பிரமணிய தேசிகர் என்னும் அறுவர் உரைகள் வழங்குகின்றன.

இவ்வறுவருள் இருவருக்குள் நிகழ்ந்த மாறுபாடு பெரிதும் ஆராயத்தக்கது. ஒருவர் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியிலே தோன்றியவர். மற்றொருவர், பொதியத்தினின்றிழியும் தாமிரபரணி சமநிலத்தையடையும் பாபநாசத்துக்கு அணித்தாகிய விக்கிரமசிங்கபுரத்திலே, திருநெல்வேலிச் சீமையிலே தோன்றியவர்.

முன்னவராகிய ஞானப்பிரகாசர் 17ஆம் நூற்றாண்டினர். பறங்கியராட்சியில் அதிகாரியின் உணவுக்கு வீடுதோறும் முறையிட்டுப் பசுக் கொடுத்தல்வேண்டுமென்று விதிக்கப்பட்டதாக, தம் முறை வருமுன்னரே அக்கொடுமைக்கு உடன்படாது அவர் ஊரைத் துறந்தார் என்பது கர்ணபரம்பரை. வடநாட்டில் வடமொழிக் கலைகளைக் கற்றுத் துறவு பூண்டு, சிதம்பரத்திலே தம் பெயரான் வழங்கும் திருக்குளத்தையும் அகழ்வித்தார். பௌஷ்கராகமத்துக்கும் வடமொழியில் விருத்தி செய்தவர் அவர். ஆகமவழியே சித்தியாருக்குப் பொருள் காண்டல் அவர் முறை.

பின்னவர் சிவஞான முனிவர். ஆனந்தக்கூத்தர், மயிலம்மை என்பார்க்கு மகனாய்ப் பிறந்து, முக்களாலிங்கர் என்னும் பிள்ளைத்திருநாமத்தோடு வளர்ந்து, இளமையிலேயே திருவாவடுதுறைத் தம்பிரான்மாரைத் தொடர்ந்து சென்று, வேலப்ப தேசிகரிடத்து அருளுபதேசம் பெற்றார். சிவஞானபோதத்துக்குச் சிற்றுரையும் திராவிட மாபாடியமும் இயற்றி, 1785ஆம் ஆண்டிலே சிவபரிபூரணம் எய்தினார்.

இருவர்க்கும் இடைப்பட்ட வினா முத்தியைப் பற்றியது. மலம் நீங்கிய உயிர்க்குச் சிவனோடொத்த அறிவாற்றலும் செயலாற்றலும் தன்னிடத்திலேயே விளங்கும் என்பது ஞானப்பிரகாசர் கொள்கை. இதுவே சிவசமவாதம் எனப்பட்டது. முனிவர் இதனைச் சிவசமவாதவுரை மறுப்பு என்னும் நூலான் மறுத்தார். சார்ந்ததன் வண்ணமாதலே உயிரின் இயல்பு. அவ்வியல்பு முத்தியிலும் மாறாது. கண் ஒளியுடையதேனும் கதிரவனொளி கலந்தவழியன்றிக் காணாது. படலம் நீங்கிய கண்ணும் கதிரவன் ஆகாது. அதுபோல உயிர் அருளோடு கலந்து அதன்வயமாய் நின்றே சிவானந்தத்தை நுகரும் என்பது மெய்கண்டார் மரபின் துணிபு.

இது வெறுஞ் சொற்போர் அன்று. முத்தியிலும் உயிர் பிறிதொன்றைச் சார்ந்தே நிற்குமாயின், விடுதலை என்பது யாது என்று சமவாதி வினாவுவர். உயிர் சிவனோடு ஒப்பாகிவிடின், வணங்குவார் யார், வணங்கப்படுவார் யார், அடிமைத்திறம் எங்ஙனம் நிலைபெறும் என்று மறுப்பவர் வினாவுவர். திருக்கோயிலிலே கைகூப்பி நிற்பான் ஒருவனது அன்பு இறுதியில் ஒழியற்பாலதோ, முற்றுப்பெறற்பாலதோ என்பதே ஈண்டு ஆராயப்பட்ட பொருள்.

இதனை வடமொழி தென்மொழிப் பூசலாகக் கருதுதல் பொருந்தாது. முனிவரும் வடநூற்கடலை நிலைகண்டவரே. சிவஞானபோதம் ரௌரவாகமத்தினின்றும் மொழிபெயர்த்தருளப்பட்டதென்றே கொண்டார். தமிழ்நூலே முதனூல் என்னும் வாதம் 20ஆம் நூற்றாண்டிலே வலிபெற்றது. புதுச்சேரிப் பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தார் 1961 முதலாகப் பதிப்பித்த ரௌரவாகமத்திலே அப்பன்னிரு சுலோகங்கள் காணப்படாமை அவ்வாதத்துக்குத் துணைசெய்தது. ஆயினும் நூல் எங்கிருந்து வந்தது என்னும் வினா வேறு. அது யாது கூறுகின்றது என்னும் வினா வேறு. முன்னையதில் முனிவர் கருத்தை ஒப்பாதாரும் பின்னையதில் அவர் உரையையே துணைக்கொள்வர்.

நாளடைவில் முனிவர் உரையே சித்தாந்தம் பயில்வோர்க்குப் பெருவழியாயிற்று. ஞானப்பிரகாசருரையைப் பலர் மறுப்பின் வாயிலாகவே அறிவாராயினர். மறுப்பை மாத்திரம் ஓதுவோன் ஒரு பக்கத்து வழக்கைக் கேட்டுத் தீர்ப்புரைப்பானை ஒப்பன். முனிவர் எதிருரையைச் சொற்றோறும் ஆராய்ந்தே மறுக்கப் புகுந்தார்; அவர் வழி நிற்பார்க்கும் அதுவே முறை. பறங்கியர்க்கு அஞ்சாது ஊர் துறந்த துறவியும், பொருநைக்கரையினின்று இளமையிலே குருவைத் தேடிச் சென்ற முனிவரும் ஒரு நூலையே தம் வாழ்வாகக் கொண்டனர். இருவருரையையும் ஒருங்கு வைத்து ஓதுதலே அந்நூற்கு நாம் செய்யும் வழிபாடாகும்.