ஈரத் துணியும் இரவுத் தூக்கமும்

இரவில் நனைந்து கிடக்கும் குழந்தையை எடுத்துத் துணி மாற்றுவதா, விடியும்வரை தூங்கவிடுவதா என்ற கேள்விக்கு ஒவ்வொரு காலமும் தன் கையில் இருந்த துணியை வைத்தே பதில் சொல்லியிருக்கிறது. பிறந்த சில மாதங்களுக்குக் குழந்தை ஒரு நாளில் இருபது முறைகூட மூத்திரம் போகும். இரவு பகல் என்ற கணக்கு அதன் சிறுநீரகத்துக்கு இன்னும் பழகியிராது. ஆகவே இரவுத் துணி என்பது எல்லா நாட்டிலும், எல்லா வீட்டிலும் இருந்த வேலை. ஆனால் அந்த வேலையைச் செய்த முறையும், அதைப் பற்றி மருத்துவம் சொன்னதும் ஊருக்கு ஊர், காலத்துக்குக் காலம் மாறியிருக்கின்றன.

தமிழ் வீடுகளில் அந்த வேலை தூளியைச் சுற்றி நடந்தது. விட்டத்தில் கயிறு போட்டுப் பழைய நூல் சேலையைக் கட்டித் தொங்கவிட்டால் தூளி; யாழ்ப்பாணத்தில் ஏணை. பிறந்த குழந்தைக்குப் புதுத்துணி போடும் வழக்கம் இல்லை. பல வருடம் துவைத்து நைந்த வேட்டியையும் சேலையையும் பிரசவத்துக்கு முன்பே கிழித்து மடித்து வைத்திருப்பார்கள். இதில் காரணம் இருந்தது. கஞ்சி போகாத புதுத்துணி தண்ணீரைச் சட்டென்று உறிஞ்சாது, குழந்தையின் தோலையும் உராயும். நைந்த துணி மெத்தென்று இருக்கும், ஈரத்தையும் இழுத்துக்கொள்ளும். தூளியில் கிடக்கும் குழந்தை மூத்திரம் போனால் அது துணி வழியே இறங்கித் தரையில் சொட்டும். குழந்தையின் உடம்பைச் சுற்றி ஈரத்தை அடைத்து வைக்கும் எதுவும் அங்கே கிடையாது. சிணுங்கல் கேட்டதும் பக்கத்தில் படுத்திருக்கும் தாயோ பாட்டியோ தூளிக்குள் கைவிட்டுத் தடவிப் பார்த்து, நனைந்த மடிப்பை உருவிவிட்டு உலர்ந்ததைச் செருகுவாள். விளக்கேற்றக்கூடத் தேவையிருக்காது. காலையில் ஒரு வாளி மூத்திரத் துணி சேர்ந்திருக்கும். அடைமழையில் துணி காயாதபோது, தணலில் சாம்பிராணி போட்டு, மேலே கூடையைக் கவிழ்த்து, அதன்மேல் துணிகளைப் பரப்பி உலர்த்துவார்கள். முதல் பிரசவம் தாய்வீட்டில் என்ற வழக்கம் இந்த வேலையைப் பல கைகளுக்குப் பங்கிட்டது. அப்படிப் பங்கிட ஆள் இல்லாத பெண்களுக்கு அந்த மாதங்கள் மிகக் கடினமானவை.

இரவில் மாற்றவே தேவையில்லாதபடி ஒரு தொட்டிலை வடிவமைத்தவர்கள் மத்திய ஆசிய மக்கள். உஸ்பெக், கிர்கிஸ் மொழிகளில் பெஷிக் என்றும் தஜிக் மொழியில் கஹ்வோரா என்றும் சொல்லப்படும் மரத்தொட்டில் அது. மெத்தையின் நடுவில் ஒரு துளை. அதற்கு நேர் கீழே ஒரு சட்டி. குழந்தையின் இடுப்புக்கு அருகே மரத்தில் கடைந்த ஒரு சிறு குழாய் பொருத்தப்படும். ஆண் குழந்தைக்கு ஒரு வடிவம், பெண் குழந்தைக்கு வேறு வடிவம். மூத்திரம் குழாய் வழியே துளையில் இறங்கிச் சட்டியில் சேரும், மெத்தை நனையாது. குழாய் விலகாமல் இருக்கக் குழந்தையின் கைகால்களைத் துணிப்பட்டையால் கட்டிவைப்பார்கள். தாய் தொட்டிலின்மேல் குனிந்தபடியே பால் கொடுப்பாள். குளிர்காலத்தில் தண்ணீரும் விறகும் அரிதான நிலத்தில் துவைக்கும் வேலையை ஏறக்குறைய இல்லாமலாக்கிய அருமையான ஏற்பாடு இது. அதற்குக் குழந்தை கொடுத்த விலை அசைவு. தஜிகிஸ்தானில் அண்மை ஆண்டுகளில் நடந்த ஆய்வுகள், பல மணி நேரம் கஹ்வோராவில் கட்டப்பட்ட குழந்தைகள் உட்காரவும் நடக்கவும் சற்றுத் தாமதிப்பதையும், நான்கைந்து வயதுக்குள் மற்றக் குழந்தைகளோடு சேர்ந்துகொள்வதையும் காட்டின.

ஐரோப்பாவிலும் குழந்தையைக் கட்டினார்கள். ஆனால் குழாயும் இல்லை, துளையும் இல்லை. கழுத்திலிருந்து பாதம்வரை நீளத் துணிப்பட்டையால் இறுக்கிச் சுற்றும் வழக்கம் ரோமானியக் காலத்திலிருந்தே உண்டு. சுற்றை அவிழ்த்துத் திரும்பக் கட்ட நேரம் பிடிக்கும் என்பதால் அடிக்கடி மாற்றுவது நடக்காத காரியம். நனைந்த துணியைத் துவைக்காமல் அடுப்படியில் காயவைத்துத் திரும்பக் கட்டுவதும் சாதாரணம். 1748இல் மருத்துவர் வில்லியம் கடோகன், குழந்தை வளர்ப்பைப் பற்றி எழுதிய சிறு நூலில் இந்தக் கட்டுகளைக் கடுமையாகக் கண்டித்து, தளர்வான உடையும் சுத்தமும் வேண்டும் என்றார். 1762இல் ரூசோ தம் ‘எமில்’ நூலில் அதே கண்டனத்தைத் தொடர்ந்தார். கட்டு தளர்ந்து, அதன் இடத்துக்கு இடுப்பில் மட்டும் மடித்துக் கட்டும் சதுரத் துணி வந்தபோதுதான் இரவில் மாற்றுவதா வேண்டாமா என்று யோசிக்கவே அங்கே இடம் பிறந்தது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இரண்டு பொருள்கள் அந்தச் சதுரத் துணியோடு சேர்ந்தன. நியூயார்க்கில் வால்டர் ஹண்ட் 1849இல் ஊக்குக்குக் காப்புரிமை பெற்றார். அந்த உரிமையை 400 டாலருக்கு விற்றுவிட்டார். துணி அவிழாமல் நிற்க ஊக்கு உதவியது. மற்றொன்று, ரப்பரைப் பதப்படுத்தும் முறை வந்தபின் துணிக்கு மேல் போடக் கிடைத்த ரப்பர் ஜட்டி. படுக்கை காய்ந்தது, ஆனால் குழந்தை காயவில்லை. மூத்திரமும் வியர்வையும் வெளியேற வழியின்றித் தோலோடு ஒட்டிக் கிடந்து, தொடையிடுக்கும் பிட்டமும் சிவந்து புண்ணாயின. தூளியில் சொட்டி இறங்கிய ஈரத்துக்கும் ரப்பருக்குள் அடைபட்ட ஈரத்துக்கும் உள்ள இந்த வேறுபாடு, பின்னால் வந்த மருத்துவ வாதங்களையெல்லாம் புரிந்துகொள்ள அவசியமானது.

அந்தப் புண்ணுக்கு முதல் தெளிவான விளக்கம் 1921இல் வந்தது. இரவு முழுதும் மாற்றாத துணியிலிருந்து காலையில் மூக்கைத் துளைக்கும் நெடியை எல்லாத் தாய்மாரும் அறிவார்கள், அது அம்மோனியா. அமெரிக்க மருத்துவர் ஜே. வி. குக், மலத்திலுள்ள ஒரு பாக்டீரியா மூத்திரத்தின் யூரியாவை உடைத்து அம்மோனியா ஆக்குவதைக் காட்டி, அதுவே தோலைச் சுடுகிறது என்றார். விளக்கம் எளிதாக இருந்தது, பாடநூல்களில் ஏறியது, ஐம்பது ஆண்டுக்கு மேல் நின்றது. அம்மோனியாதான் எதிரி என்றால் பாக்டீரியாவைக் கொல்ல வேண்டும். அப்படியாகத் துணிகளைக் கிருமிநாசினியில் அலசும் வழக்கம் பரவியது. போரிக் அமிலப் பொடி புண்பட்ட தோல் வழியே உடம்பில் ஏறிக் குழந்தைகள் இறந்தார்கள். பாதரசம் கலந்த அலசுநீரால் கைகால் சிவந்து வலிக்கும் நோய் வந்தது. அதே பாதரசத் தீங்கு பெரிய அளவில் அர்ஜென்டினாவின் பியூனஸ் அய்ரஸ் நகரில் 1980இல் நடந்தது. ஒரு சலவை நிறுவனம் பாதரசச் சேர்மம் கலந்து வெளுத்த துணிகளை ஆயிரக்கணக்கான குழந்தைகள் அணிந்திருந்தார்கள். சரிபார்க்கப்படாத ஒரு விளக்கத்தின் பெயரால் பச்சைக் குழந்தைகளுக்கு இழைக்கப்பட்ட இந்தத் தீங்கு, துணியின் வரலாற்றில் மறக்கக்கூடாத பகுதி.

இதற்கிடையே படுக்கையறையில் பெண்கள் வேறொரு வழியைத் தேடிக்கொண்டிருந்தார்கள். அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் வாழ்ந்த மேரியன் டோனவன், இரண்டாம் உலகப்போர் முடிந்த ஓராண்டில், குழந்தையின் துணியையும் தொட்டில் விரிப்பையும் ஒவ்வொரு முறையும் சேர்த்து மாற்றிச் சலித்துப்போய், குளியலறைத் திரையை வெட்டித் தையல் இயந்திரத்தில் ஓர் உறை தைத்தார். பின்பு பாராசூட்டுக்குப் பயன்படும் நைலான் துணியில் அதைச் செய்தார். ரப்பர்போல் இறுக்காது, ஊக்குக்குப் பதில் அழுத்திப் பூட்டும் பொத்தான். ஓடம்போலத் தெரிந்ததால் ‘போட்டர்’ என்று பெயர் வைத்தார். 1949இல் நியூயார்க்கின் சாக்ஸ் ஃபிஃப்த் அவென்யூ கடையில் விற்பனைக்கு வந்தது. 1951இல் காப்புரிமை கிடைத்ததும் ஒரு நிறுவனத்துக்கு அதைப் பத்து லட்சம் டாலருக்கு விற்றார். அடுத்து, ஒருமுறை பயன்படுத்தி எறியக்கூடிய காகித டயப்பர் செய்யலாம் என்று உற்பத்தியாளர்களிடம் போனார். தேவையில்லாதது என்று திருப்பி அனுப்பினார்கள். இரவில் எழுந்து துணி மாற்றியவர்கள் அவர்களுடைய மேசைகளுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கவில்லை. அதே ஆண்டுகளில் இங்கிலாந்தில் வாலரி ஹண்டர் கார்டன் என்ற தாயும் பாராசூட் நைலானில் உறை தைத்து, உள்ளே எறிந்துவிடக்கூடிய பஞ்சுத் திண்டை வைத்தார். செஸ்டர்ஃபீல்டின் ராபின்சன் நிறுவனம் அதை ‘பாடி’ என்ற பெயரில் தயாரித்தது.

பெரிய நிறுவனம் ஒன்று இதைக் கையிலெடுக்கச் சில ஆண்டுகள் ஆயின. பிராக்டர் அண்டு கேம்பிள் நிறுவனத்தின் வேதிப்பொறியாளர் விக்டர் மில்ஸ், பேரக்குழந்தையின் துணியை மாற்றிப் பார்த்தபின் 1950களின் பிற்பகுதியில் காகித டயப்பர் வேலையைத் தொடங்கிவைத்தார். முதல் சோதனை டெக்சாஸின் டல்லஸ் நகரில். அங்கே வெயிலில் பிளாஸ்டிக் ஜட்டிக்குள் குழந்தைகள் புழுங்கிப்போக, திட்டம் தோற்றது. 1959இல் ரோச்செஸ்டர் நகரச் சோதனைக்கு 37,000 டயப்பர்களைக் கையாலேயே செய்தார்கள். 1961இல் இல்லினாய் மாநிலத்தின் பியோரியா நகரில் அது பாம்பர்ஸ் என்ற பெயரில் விற்பனைக்கு வந்தபோது ஒன்றின் விலை 10 சென்ட். தாய்மார்கள் பிடித்திருக்கிறது என்றார்கள், ஆனால் வாங்கவில்லை. விலை 6 சென்ட்டுக்கு இறங்கிய பிறகே வியாபாரம் நடந்தது. உள்ளே இருந்தது மரக்கூழ்ப் பஞ்சுதான். அது ஈரத்தை இழுக்கும், ஆனால் குழந்தை புரண்டு படுத்தால் பிழிந்து வெளியே விடும். அதனால் 1970களில் பகலுக்கு ஒன்று, இரவுக்குத் தடித்த ஒன்று என்று தனித்தனிப் பெட்டிகளில் விற்றார்கள்.

இரவுக் கேள்விக்கு உண்மையான திருப்பம் ஒரு பொடியில் இருந்தது. அமெரிக்க வேளாண்மைத் துறையின் ஆய்வகம் ஒன்று அதே பியோரியா நகரில் மக்காச்சோள மாவிலிருந்து தன் எடையைப்போல் நூற்றுக்கணக்கான மடங்கு தண்ணீரை உறிஞ்சும் பொருளை உருவாக்கியது. வேறு ஆய்வகங்கள் அக்ரிலிக் அமிலத்திலிருந்து அதைப்போன்ற பாலிமர்களைச் செய்தன. இன்றைய டயப்பரில் இருப்பது சோடியம் பாலிஅக்ரிலேட். ஒரு டயப்பரைக் கிழித்து உதறினால் பஞ்சுக்கிடையே சர்க்கரைபோல் வெள்ளைக் குருணை உதிரும். அதன்மேல் தண்ணீர் ஊற்றினால் சில நொடிகளில் உப்பித் தெளிந்த கூழாகிவிடும். மூத்திரத்தில் உப்பு இருப்பதால் அந்த அளவு உப்புவதில்லை, சுமார் முப்பது மடங்கோடு நிற்கும். முக்கியமானது அளவு அல்ல. அழுத்தினாலும் கூழ் ஈரத்தைத் திருப்பி விடாது. 1980களின் தொடக்கத்தில் ஜப்பானிய நிறுவனங்கள் இதைக் குழந்தை டயப்பரில் சேர்த்தன. சில ஆண்டுகளில் அமெரிக்க டயப்பர்களிலும் வந்தது. டயப்பர் மெலிந்தது, இரவு முழுதும் தாங்கியது.

மருத்துவமும் அதே காலத்தில் தன் பழைய விளக்கத்தைத் திரும்பப் பார்த்தது. 1977இல் ஃபிலடெல்ஃபியாவில் ஜேம்ஸ் லெய்டனும் குழுவினரும் புண் உள்ள குழந்தைகளையும் இல்லாத குழந்தைகளையும் ஒப்பிட்டார்கள். அம்மோனியாவின் அளவில் வேறுபாடு இல்லை. நல்ல தோலில் அம்மோனியாவைப் பூசினாலும் புண் வரவில்லை. 1986இல் வெளியான பெர்க், பக்கிங்ஹாம், ஸ்டூவர்ட் ஆகியோரின் ஆய்வு மிச்சத்தை விளக்கியது. மலத்தோடு குடலின் நொதிகளும் வெளியே வருகின்றன. புரதத்தையும் கொழுப்பையும் செரிக்கும் அந்த நொதிகள் தோலையும் அரிக்கும். மூத்திரம் மலத்தோடு கலந்தால் அம்மோனியா உண்டாகி, தோலின் இயல்பான அமிலத்தன்மை குறைகிறது. காரத்தன்மையில் அந்த நொதிகள் பல மடங்கு வேகம் பெறுகின்றன. மூத்திரம் மட்டும் என்றால் அத்தனை கெடுதல் இல்லை. இந்த ஆய்வைச் செய்தவர்கள் டயப்பர் நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள் என்பதைச் சொல்லியாக வேண்டும். ஆயினும் முடிவு நின்றது. தாய்ப்பால் மட்டும் குடிக்கும் குழந்தைகளின் மலத்தில் காரம் குறைவு, அவர்களுக்குப் புண்ணும் குறைவு என்ற அனுபவத்தோடும் அது பொருந்தியது.

இந்தியாவில் டயப்பர் நகரத்துக் கடைகளுக்குப் பரவலாக வந்தது 1990களில். கிம்பர்லி கிளார்க்கும் இந்துஸ்தான் லீவரும் 1994இல் கூட்டு நிறுவனம் தொடங்கின. இங்கே அது முதலில் வெளியூர்ப் பயணத்துக்கும் இரவுக்கும் என்றே வாங்கப்பட்டது. பகலில் துணி, இரவில் டயப்பர் என்ற வழக்கம் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றில் இன்றும் உண்டு. செலவையும் குழந்தையின் தோலையும் ஒருசேரக் கணக்கில் எடுத்த நல்ல வழக்கம் அது. இரவில் எழுந்தெழுந்து துணி மாற்றிய பெண்களுக்கு இந்தப் பொடி கொடுத்த தூக்கம் பெரிது. குப்பை மேட்டில் டயப்பர் மக்காமல் கிடப்பதும் உண்மை. 2016இல் வந்த திடக்கழிவு மேலாண்மை விதிகள், பயன்படுத்திய டயப்பரை உறையில் சுற்றியே குப்பையில் சேர்க்க வேண்டும் என்றன.

இன்றைய குழந்தை மருத்துவத்தின் பதில் இந்த வரலாற்றின் முடிவில் கிடைத்தது. மலம் போயிருந்தால் நள்ளிரவானாலும் உடனே மாற்ற வேண்டும். பிறந்த சில வாரங்களில் பால் குடிக்கும்போதெல்லாம் மலம் போவதால், அப்போது பாலுக்கு எழும் வேளையே மாற்றும் வேளை. மூத்திரம் மட்டும் என்றால், தோல் நன்றாக இருந்து, நல்ல டயப்பரும் போட்டிருந்தால், தூங்கும் குழந்தையை எழுப்ப வேண்டியதில்லை. துணியாக இருந்தால் விழிக்கும்போது மாற்றிவிடலாம். ஏற்கெனவே சிவந்து புண்பட்டிருந்தால் இரவிலும் மாற்றி, கழுவி, ஈரம் போக ஒற்றி, துத்தநாக ஆக்சைடு களிம்பு தடவ வேண்டும். மூன்று நாளில் ஆறாத புண்ணில் பெரும்பாலும் பூஞ்சை சேர்ந்திருக்கும். அதற்குக் கைவைத்தியம் போதாது. குழந்தையை மருத்துவரிடம் காட்டுங்கள்.