இருங்காட்டுக்கோட்டை–ஒரகடம் வட்டாரக் காலை உணவகங்களின் வரலாறு

இருங்காட்டுக்கோட்டை, காஞ்சிபுரம் மாவட்டம் ஸ்ரீபெரும்புதூர் வட்டத்தில், சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையை ஒட்டி அமைந்துள்ள ஊர். 1990களின் பிற்பகுதியிலிருந்து ஸ்ரீபெரும்புதூர், சுங்குவார்சத்திரம், வல்லம், ஒரகடம் ஆகிய ஊர்களோடு சேர்ந்து ஒரே தொழில் வட்டாரமாக அறியப்படுகிறது. இங்கு காலை உணவை வீட்டுக்கு வெளியே உண்ணும் வழக்கம் ஆலைகளுக்கு மிகவும் முந்தியது. வழிப்போக்கர், பக்தர், குமாஸ்தா, லாரி ஓட்டுநர், ஆலைத் தொழிலாளி என உண்பவர் மாறும்போதெல்லாம் உணவு கிடைக்கும் இடமும் மாறியிருக்கிறது. அங்கே யார் உட்காரலாம், உணவுக்கு யார் பொறுப்பு என்ற இரண்டு கேள்விகள் மட்டும் காலந்தோறும் தொடர்ந்து வந்திருக்கின்றன.

சத்திரமும் கோயிலும்

இச்சாலையின் ஊர்ப் பெயர்களிலேயே பழைய வரலாறு தங்கியிருக்கிறது. ஸ்ரீபெரும்புதூருக்கு மேற்கே சுங்குவார்சத்திரம், காஞ்சிபுரத்தைக் கடந்தால் பாலுசெட்டிசத்திரம். சத்திரம் என்பது வழிப்போக்கர் தங்கவும் உண்ணவும் செல்வர்களோ அரசர்களோ கட்டி வைத்த அறநிலையம். சோற்றை விலைக்கு விற்பது இழிவு என்று கருதப்பட்ட காலத்தில் நெடும்பயணம் போகிறவருக்குச் சத்திரத்தை விட்டால் கட்டுச்சோறுதான். ஆனால் சத்திரத்து அறம் எல்லாருக்கும் ஒன்றுபோல இருக்கவில்லை. பல சத்திரங்களில் பிராமணர்களுக்கே சமைத்த உணவு கிடைத்தது. மற்றவர்கள் அரிசி பருப்பை வாங்கித் தாங்களே சமைத்துக்கொண்டார்கள். தீண்டாமைக்கு ஆளானவர்களுக்கு அந்த இடமும் இல்லை.

இராமானுசர் பிறந்த ஊரான ஸ்ரீபெரும்புதூரில் ஆதிகேசவப் பெருமாள் கோயிலும், மேற்கே காஞ்சிபுரத்தில் வரதராசப் பெருமாள் கோயிலும் இருப்பதால் வைணவப் பக்தர்களின் போக்குவரத்து இச்சாலையில் எப்போதும் உண்டு. காஞ்சிபுரம் இட்லி வரதராசப் பெருமாள் கோயில் மடைப்பள்ளியிலிருந்து வந்தது. அரிசியையும் உளுந்தையும் கொரகொரப்பாக அரைத்துப் புளிக்கவைத்து, மிளகு, சீரகம், சுக்கு, நெய் சேர்த்து, மந்தாரை இலை வைத்த மூங்கில் குடலையில் ஊற்றி நெடுநேரம் ஆவியில் வேகவைப்பார்கள். உருளையாக வெந்து வருவதைத் துண்டு போட்டுக் கொடுப்பது வழக்கம். குடலை இட்லி, கோயில் இட்லி என்ற பெயர்களும் இதற்கு உண்டு. மிளகும் சுக்கும் இருப்பதால் எளிதில் கெடாது, பயணத்துக்கு ஏற்றது. இன்று சாலையோர உணவகங்களில் ‘காஞ்சிபுரம் இட்லி’ என்ற பெயரில் தருவது பெரும்பாலும் தாளிப்புச் சேர்த்த கிண்ண இட்லி. குடலையும் மந்தாரை இலையும் அதில் இல்லை.

இட்லிக்கு முந்திய காலை

தமிழ்நாட்டில் எல்லாரும் காலையில் இட்லி தின்று வந்தார்கள் என்ற எண்ணம் பிற்காலத்தது. பழைய செங்கல்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்த இந்த ஏரிப்பாசனப் பகுதியில் உழவர் வீட்டுக் காலை உணவு முந்தைய நாள் சோற்றில் நீரூற்றிய பழையதும் கேழ்வரகுக் கூழும்தான். இட்லியும் தோசையும் தீபாவளிக்கும் விருந்தாளி வரும் நாளுக்கும் உரிய பலகாரங்கள். மாவாட்டும் உழைப்பு அவ்வளவு. சென்னைக் குமாஸ்தாக்கள் வீட்டிலும் காலை 9 மணிக்கே முழுச் சாப்பாட்டை முடித்துவிட்டு அலுவலகம் போய், பிற்பகலில் டிபன் உண்ணும் முறையே இருந்தது. டிபன் என்பதே ஆங்கிலோ–இந்தியப் பேச்சில் பகல் வேளைச் சிற்றுணவைக் குறித்த சொல். தமிழுக்கு வந்த பிறகுதான் அது இட்லி, தோசை, பொங்கல் வகையைக் குறிக்கத் தொடங்கியது.

காலையையும் பகலையும் ஒரே உணவாகச் சேர்க்கும் ‘பிரஞ்ச்’ என்ற சொல்லை 1895இல் கை பெரிங்கர் என்ற ஆங்கில எழுத்தாளர் எழுத்தில் பயன்படுத்தினார். இன்று அது சென்னை நட்சத்திர விடுதிகளின் ஞாயிற்றுக்கிழமை ஆடம்பரம். முற்பகலில் ஒரே பெரிய உணவை முடித்துக்கொண்ட குமாஸ்தாவுக்கு அதில் புதுமை ஒன்றும் தெரிந்திருக்காது.

காப்பி கிளப்பும் பெயர்ப் பலகையும்

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் காப்பி பரவியபோது அதை விற்கும் கிளப்புகளும் ஓட்டல்களும் பெருகின. சென்னையில் உடுப்பிப் பகுதியிலிருந்து வந்தவர்கள் இத்தொழிலுக்கு ஓர் ஒழுங்கைக் கொடுத்தார்கள். சமையலறை எடுபிடியாக வாழ்க்கையைத் தொடங்கிய கே. கிருஷ்ணராவ் 1938இல் இராயப்பேட்டையில் உட்லண்ட்ஸ் ஓட்டலைத் திறந்தார். திருவல்லிக்கேணி ரத்னா கபே 1948இலும், கே. கே. நகரில் சரவண பவன் 1981இலும் தொடங்கின. பின்னாளில் நெடுஞ்சாலையோரம் வந்த பெரிய சைவ உணவகங்கள் இந்த மரபின் தொடர்ச்சியே. 1950களில் கோயம்புத்தூரில் உருவான மின் மாவாட்டும் எந்திரமும் இந்த வளர்ச்சிக்குக் காரணம். ஆட்டுரலை நம்பியிருந்தவரை ஓர் ஓட்டல் காலையில் ஆயிரம் இட்லி போடுவது எளிதான காரியமில்லை.

சத்திரத்தின் பந்திப் பிரிவினை ஓட்டலுக்குள்ளும் வந்தது. ‘பிராமணாள்’ என்ற சொல்லைப் பலகையிலேயே எழுதிவைத்த ஓட்டல்கள் இருந்தன. ரயில் நிலையச் சிற்றுண்டிச் சாலைகளில் பிராமணருக்கும் மற்றவர்க்கும் தனித்தனி இடம் ஒதுக்கும் முறை, சுயமரியாதை இயக்கத்தாரின் நீண்ட எதிர்ப்புக்குப் பின் 1941இல்தான் நீங்கியது. கடைகளிலும் பொது உணவகங்களிலும் நுழையச் சாதி தடையாகக் கூடாது என்று 1950இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பின் 15ஆம் பிரிவு கூறியது. 1955இன் தீண்டாமைக் குற்றச் சட்டம் அதைத் தண்டனைக்குரியதாக்கியது. ஆனாலும் 1957இல் திருவல்லிக்கேணி முரளி கபேயின் பலகையிலிருந்த சாதிப் பெயரை நீக்கக் கோரி ஈ. வெ. ராமசாமி மறியலைத் தொடங்க வேண்டியிருந்தது. பல மாதங்கள் நாள்தோறும் தொண்டர்கள் கைதானார்கள். கடைசியில் பெயர் மாறியது. தமிழ்நாட்டுச் சிற்றூர்த் தேநீர்க் கடைகளில் இரட்டைக் குவளை முறை அதற்குப் பிறகும் பல பத்தாண்டுகள் நீடித்தது. அசைவம் பரிமாறும் ‘மிலிட்டரி ஓட்டல்’ இந்தப் பின்னணியில் முக்கியமானது. ஆப்பமும் பாயாவும் போட்ட இந்தக் கடைகளில் காசு கொடுத்தவர் யாரென்று கேட்பது குறைவு. இவற்றைப் பற்றி உடுப்பி ஓட்டல் அளவுக்கு எழுதப்படாதது ஒரு குறையே.

நெடுஞ்சாலை

தங்க நாற்கரச் சாலைத் திட்டத்தில் சென்னை–பெங்களூரு சாலை நான்கு வழியாக விரிந்தபோது உணவகங்களின் அமைப்பும் மாறியது. அதுவரை பேருந்து நிலையத்தையும் கடைத்தெருவையும் நம்பியிருந்த டிபன் கடைக்கு நடந்து வருகிறவர்களே வாடிக்கையாளர். நடுத்தடுப்பு எழுந்த பின் எதிர்ப்பக்கக் கடைக்கு வண்டியைத் திருப்ப முடியாது. அகன்ற வண்டி நிறுத்துமிடமும் கழிப்பறையும் உள்ள பெரிய உணவகங்களுக்கே பயணிகள் போனார்கள். அதிகாலையில் சென்னையை விட்டுப் புறப்படும் மகிழுந்துகள் முதலில் நிற்கும் இடம் என்பதால், ஸ்ரீபெரும்புதூருக்கும் காஞ்சிபுரம் பிரிவுக்கும் இடைப்பட்ட சாலை காலை டிபனுக்குப் பெயர்பெற்றது. ஊருக்குள் இருந்த பழைய கடைகள் இந்த வருமானத்தில் பங்கு பெறவில்லை.

ஷிப்ட் நேரமும் தள்ளுவண்டியும்

1996இல் நிறுவப்பட்ட ஹூண்டாய் மோட்டார் இந்தியா, இருங்காட்டுக்கோட்டை ஆலையில் 1998இல் சான்ட்ரோ மகிழுந்து உற்பத்தியைத் தொடங்கியது. செயின்ட் கோபெய்ன் கண்ணாடி ஆலை 2000இலும், நோக்கியா கைப்பேசி ஆலை 2006இலும் ஸ்ரீபெரும்புதூர்ப் பகுதியில் இயங்கத் தொடங்கின. ஒரகடத்தில் ரெனோ–நிசான் 2010இலும், டெய்ம்லர் 2012இலும் வந்தன. நெல் விளைந்த ஊர்களில் காலை உணவு நேரத்தை இனி ஷிப்ட் மணி தீர்மானித்தது.

முதல் ஷிப்டுக்கான நிறுவனப் பேருந்துகள் விடியுமுன்பே தொலைவூர்களிலிருந்து கிளம்பிவிடும். அந்நேரத்தில் வீட்டில் அடுப்பு எரிந்திருக்காது. 250க்கு மேற்பட்டவர்கள் வேலை செய்யும் ஆலையில் உணவுக்கூடம் அமைக்கச் செய்யும் அதிகாரத்தை 1948இன் தொழிற்சாலைகள் சட்டத்தின் 46ஆம் பிரிவு அரசுக்கு அளித்தது. இதனால் பெரிய ஆலைகளில் காலை டிபன் வாசலுக்கு உள்ளேயே கிடைக்கிறது. சிறிய உதிரிபாகப் பட்டறைகளில் வேலை செய்பவர்களுக்கும் லாரி ஓட்டுநர்களுக்கும் கட்டடத் தொழிலாளர்களுக்கும் சிப்காட் வாசல் தள்ளுவண்டிதான் காலை உணவகம். நான்கு இட்லி, பொங்கல், பூரி, வடகறி, பொட்டலத்தில் கட்டிய சாம்பார், பக்கத்தில் ஒரு தேநீர்க் கடை. இரவு ஷிப்ட் முடித்து 7 மணிக்கு வெளியே வருபவருக்கு இந்த இட்லிதான் இரவுச் சாப்பாடு. தின்றுவிட்டுப் போய்ப் படுத்துவிடுவார். வெயில் ஏறியதும் அதே ஓரத்தில் கேழ்வரகுக் கூழும் மோர்மிளகாயும் விற்கும் வண்டிகள் நிற்கின்றன. ஊர்க்காரர் வீட்டில் விட்டுப்போன பழைய காலை உணவு இப்போது சொம்புக் கணக்கில் விலைக்கு வருகிறது.

இந்த வண்டிகளுக்குச் சட்டப் பாதுகாப்பு குறைவு. 2014இன் சாலையோர வணிகர் சட்டம் நகரப் பகுதிகளை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. 2013இல் சென்னையில் ஒரு ரூபாய் இட்லியோடு தொடங்கிய அம்மா உணவகமும் மாநகராட்சி, நகராட்சிகளின் திட்டமே. இவ்வட்டாரத்தின் ஆலைகளோ பெரும்பாலும் கிராம ஊராட்சி எல்லைக்குள் நிற்கின்றன. இலட்சக்கணக்கானவர்கள் வேலைக்கு வரும் இடம் ஆவணத்தில் கிராமமாகவே இருப்பதன் விளைவு இது. 2014 நவம்பரில் நோக்கியா ஆலை மூடப்பட்டது போன்ற நிகழ்வுகளில், வேலை இழந்தவர்களுக்குப் பேச்சுவார்த்தையும் இழப்பீட்டுத் தொகையும் இருந்தன. வாசலில் டிபன் விற்றவர்கள் அந்தக் கணக்கில் வருவதில்லை.

விடுதிச் சமையலும் 2021 மறியலும்

மின்னணு ஆலைகளில் வெளி மாவட்டங்களைச் சேர்ந்த இளம்பெண்களே பெருமளவில் பணிபுரிகின்றனர். இவர்களில் பலர் ஒப்பந்ததாரர்கள் நடத்தும் விடுதிகளில் தங்கி, அங்கே கொடுப்பதை உண்டு, பேருந்தில் ஆலைக்கு வந்துபோகிறவர்கள். கடை பார்த்து உண்ணும் வாய்ப்பே இவர்களுக்குக் குறைவு. 2021 டிசம்பரில் சுங்குவார்சத்திரம் ஃபாக்ஸ்கான் ஆலைத் தொழிலாளர்கள் தங்கியிருந்த ஒரு விடுதியில் உணவு நஞ்சாகி 150க்கும் மேற்பட்டவர்கள் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். சிலர் இறந்துவிட்டதாகப் பரவிய செய்தி பின்னர் பொய்யென்று தெரிந்தது. ஆனால் தோழிகள் எங்கே இருக்கிறார்கள் என்று உடனே சொல்ல யாரும் இல்லாத நிலையில் அந்த அச்சம் இயல்பானது. பெண்கள் இரவோடு இரவாகச் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் அமர்ந்து மறியல் செய்தார்கள்.

ஆய்வுக்குச் சென்ற உணவுப் பாதுகாப்பு அலுவலர்கள் எலிகளையும் சீர்கெட்ட வடிகாலையும் கண்டு விடுதியின் சமையலறையை மூடினர். ஆலையும் மூடப்பட்டது. விடுதிகளும் உணவறைகளும் தனது தரத்துக்கு ஏற்றவையாக இல்லை என்று கூறி ஆப்பிள் நிறுவனம் அந்த ஆலையைக் கண்காணிப்பின்கீழ் வைத்தது. 2022 ஜனவரி 12 அன்றுதான் ஆலை மீண்டும் திறந்தது. பல சங்கங்கள் ஊதியத்துக்காகவும் அங்கீகாரத்துக்காகவும் போராடிய இவ்வட்டாரத்தில், உலகம் முழுதும் செய்தியான ஒரு மறியல் சாப்பாட்டிலிருந்து தொடங்கியது.

2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 706.50 கோடி ரூபாய் செலவில் 18,720 பேர் தங்கும் சிப்காட் விடுதி திறக்கப்பட்டது. பெரிய சமையலறையும் உணவுக்கூடங்களும் அதற்குள்ளேயே உள்ளன.

புதிய பலகைகள்

கொரிய, ஜப்பானிய அலுவலர்களுக்காக ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் தங்கும் விடுதிகள் காலையில் கஞ்சியும் கிம்ச்சியும் மீனும் பரிமாறுகின்றன. கொரிய எழுத்தில் பலகை வைத்த உணவகங்களும் உண்டு. பீகார், ஒடிசா, ஜார்க்கண்ட், மேற்கு வங்கம், அசாம் மாநிலங்களிலிருந்து வந்த தொழிலாளர்கள் அறையெடுத்துத் தங்கும் தெருக்களில் இந்திப் பலகைகள் தொங்குகின்றன. அங்கே காலையில் பூரி, ஆலு சப்ஜி, ரொட்டி, சில இடங்களில் லிட்டி. உள்ளூர்க் கடைக்காரர்களும் இட்லித் தட்டுக்குப் பக்கத்தில் சப்பாத்திக் கல்லைப் போட்டிருக்கிறார்கள். எனினும் ஓர் அறையில் ஐந்தாறு பேராகத் தங்குபவர்களில் பலர் செலவைக் குறைக்கத் தாங்களே முறைவைத்துச் சமைத்துக்கொள்கிறார்கள். கடைக்கு வருவது சம்பளம் வந்த வாரத்திலும் ஞாயிற்றுக்கிழமைகளிலும்தான்.