பழைய புட்டியும் புதிய பானமும்

1928ஆம் ஆண்டு ஆகஸ்டு 26ஆம் நாள். ஸ்காட்லாந்தில் பெய்ஸ்லி என்னும் ஊரில் ஒரு சிற்றுண்டிச் சாலை. மே டோனகு என்ற பெண்மணி அங்கு அமர்ந்திருந்தார். உடன் வந்தவர் அவருக்காக ஐஸ்கிரீமும், இஞ்சி பீர் என்னும் குளிர்பானமும் வாங்கிக் கொடுத்தார். கடைக்காரர் புட்டியைத் திறந்து பானத்தில் கொஞ்சத்தை ஐஸ்கிரீம் மீது ஊற்றினார். டோனகு அதை உண்டார். மீதிப் பானத்தைக் கவிழ்த்தபோது, அழுகிப்போன நத்தை ஒன்று புட்டியிலிருந்து மிதந்து வந்தது! புட்டி ஒளி ஊடுருவாத கண்ணாடியால் ஆனது. திறக்கும் முன் உள்ளே இருப்பதை யாரும் பார்த்திருக்க முடியாது.

தமக்கு உடல்நலம் கெட்டது என்று டோனகு பானம் தயாரித்தவர்மீது வழக்குத் தொடர்ந்தார். கழுவிய புட்டிகளை நத்தைகள் நடமாடும் இடத்தில் வைத்திருந்தார்கள், நிரப்புமுன் அவற்றைச் சரிபார்க்க முறையான ஏற்பாடு இல்லை என்பவை அவர் கூறிய குற்றச்சாட்டுகள். வழக்கு இலண்டன் பிரபுக்கள் சபை வரை சென்றது. 1932இல் ஐந்து நீதிபதிகளில் மூவர் அவர் பக்கம் நின்றனர். பொருளைத் தயாரிப்பவர், அதைக் காசு கொடுத்து வாங்கியவருக்கு மட்டுமல்ல, கடைசியில் அதைப் பயன்படுத்துபவருக்கும் பொறுப்பானவர் என்று தீர்ப்பாயிற்று. இந்தியா உட்படப் பல நாடுகளின் நீதிமன்றங்கள் இத்தீர்ப்பைப் பின்பற்றின. பின்னர் வழக்கு சமரசத்தில் முடிந்துவிட்டதால், நத்தை உண்மையில் இருந்ததா என்பது விசாரிக்கப்படவே இல்லை.

ஒரு பழைய புட்டியைக் கழுவும் வேலை சட்டப் புத்தகத்தில் இடம்பெற்ற கதை இது. அந்த வேலைக்கு ஒரு வரலாறும் உண்டு. அதில் நஞ்சு வருகிறது, நுண்ணோக்கி வருகிறது, வெடிக்கும் புட்டிகளும் வருகின்றன. புட்டி கழுவுவதில் இவ்வளவு இருக்கிறதா என்று கேட்கிறீர்களா? பார்ப்போம்.

புட்டி ஒரு செல்வம்

இன்று காலிப் புட்டி குப்பைக்குப் போகிறது. முன்பு அப்படியில்லை. பதினேழாம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் விறகுக்குப் பதில் நிலக்கரியால் கண்ணாடி உலைகளை எரிக்கத் தொடங்கினார்கள். 1615இல் கண்ணாடி உலைகளில் விறகு எரிப்பதை அரசே தடை செய்தது. மரங்கள் கப்பல் கட்டத் தேவைப்பட்டன. நிலக்கரியின் கடும் வெப்பத்தில் தடித்த, உறுதியான, கரும்பச்சைப் புட்டிகள் பிறந்தன. உள்ளே வாயு அழுத்தம் ஏறினாலும் இவை தாங்கின. பீரையும் பொங்கும் ஒயினையும் அடைத்து வைக்க முடிந்தது இவற்றால்தான்.

ஆனால் ஒவ்வொரு புட்டியையும் ஒரு தொழிலாளி வாயால் ஊதித்தான் செய்ய வேண்டும். போதாக்குறைக்கு, 1745இல் பிரிட்டிஷ் அரசு கண்ணாடிக்கு வரி விதித்தது. அந்த வரி நூறு ஆண்டுகள் நீடித்து 1845இல்தான் நீங்கியது. எனவே புட்டியை யாரும் எறியவில்லை. காலியானதைத் திரும்பப் பெற்று, கழுவி, மீண்டும் நிரப்பினார்கள்.

இங்கேதான் சிக்கல். புட்டியின் கழுத்து குறுகியது, கை நுழையாது. கண்ணாடி கருமையானது, கண் நுழையாது. அடிப்பாகமோ உட்புறமாகக் குழிந்து மேலெழும்பியிருக்கும்; அந்த மேட்டைச் சுற்றிலும் குறுகிய பள்ளம். அழுக்கு தங்குவதற்கு இதைவிட வசதியான இடம் வேண்டுமா?

ஈயக் குண்டும் வயிற்று வலியும்

கையும் கண்ணும் நுழையாத இடத்தில் எதை நுழைப்பது? மணலைப் போட்டுக் குலுக்கினார்கள். பறவை சுடும் துப்பாக்கிக்கான சிறு ஈயக் குண்டுகளைப் போட்டுக் குலுக்குவது இன்னும் எளிதாக இருந்தது. ஈயம் கனமானது; அழுக்கைத் தேய்த்து எடுக்கும். மென்மையானது, கண்ணாடியைக் கீறாது. ஒயின் வணிகர்கள் இதை வழக்கமாகவே கொண்டார்கள்.

இலண்டனில் வாழ்ந்த ஜெர்மானிய வேதியியலறிஞர் பிரெடரிக் ஆக்கம், உணவுக் கலப்படம் பற்றி 1820இல் ஒரு நூல் வெளியிட்டார். அதில் வரும் ஒரு நிகழ்ச்சி இது. நோய் நொடி அறியாத ஒருவர். நாள்தோறும் உணவுக்குப் பின் அரைப் புட்டி மதீரா ஒயின் அருந்துபவர். ஒருநாள் ஒயின் அருந்திய சில மணி நேரத்தில் கடும் வயிற்று வலியால் துடித்தார். மறுநாள் அதே புட்டியின் மீதியைக் குடித்தார். வலி திரும்பவும் வந்தது. ஒயின்மீது ஐயம் எழுந்தது. அந்த ஒயின் இருந்த புட்டியைச் சோதிக்க வரவழைத்தபோது, அதன் அடிப்பள்ளத்தில் ஈயக் குண்டுகள் வரிசையாகச் சிக்கி இறுகியிருந்தன. தொட்டதும் அவை பொடியாக உதிர்ந்தன. மேலோடு மட்டும் எஞ்சியிருக்க, உள்ளிருந்த உலோகத்தை ஒயின் கரைத்துவிட்டிருந்தது!

காரணம் எளிது. ஒயினில் கரிம அமிலங்கள் உண்டு. அவை மாதக்கணக்கில் ஈயத்தோடு சேர்ந்திருந்தால் ஈய உப்புகள் உண்டாகிக் கரைந்துவிடும். இந்த உப்புகளில் சில இனிப்பாகவும் இருப்பதால் நாக்கு எச்சரிக்கை செய்வதில்லை. மேலும், உருகிய ஈயம் உருண்டைத் துளிகளாக விழுவதற்காகக் குண்டு செய்வோர் அதில் சிறிதளவு ஆர்செனிக் கலப்பது வழக்கம். அதுவும் நஞ்சு.

அழுக்கை நீக்கப் போட்ட பொருளே அழுக்கைவிடக் கொடிய எச்சமாகிவிட்டது. புட்டி கழுவுவோர் கற்ற முதல் பாடம் இது: கழுவப் பயன்படுத்திய பொருள் முழுவதும் வெளியே வந்தாக வேண்டும்.

பாஸ்டர் கண்ட அழுக்கு

நன்றாகத் தேய்த்து, ஈயத்தையும் கொட்டிவிட்டோம். புட்டி பளிச்சென்று இருக்கிறது. ஆனாலும் அதில் ஊற்றிய பீர் சில வாரங்களில் புளிக்கிறது, கலங்குகிறது. ஏன்?

விடை சொன்னவர் பிரெஞ்சு அறிஞர் லூயி பாஸ்டர். சர்க்கரையை ஆல்ககாலாக மாற்றுவது ஈஸ்ட் என்னும் உயிர் என்றும், பானத்தைக் கெடுப்பவை வேறு நுண்ணுயிர்கள் என்றும் அவர் காட்டினார். 1871இல் இலண்டனில் விட்பிரெட் என்னும் பெரிய பீர் ஆலைக்குச் சென்றபோது, அங்கிருந்த ஈஸ்ட்டில் ஒரு துளியை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தார். ஈஸ்ட்டோடு கூடவே, பானத்தைக் கெடுக்கும் இழை போன்ற உயிர்களும் தென்பட்டன. பீர் சரியில்லை என்பதைச் சுவைத்துப் பாராமலேயே அவர் சொல்லிவிட்டார்! ஒரு வாரம் கழித்து அவர் மீண்டும் சென்றபோது, ஆலையினர் தங்களுக்கென்று ஒரு நுண்ணோக்கி வாங்கி வைத்திருந்தார்கள். பாஸ்டரின் பீர் ஆராய்ச்சி நூல் 1876இல் வெளிவந்தது.

1883இல் டென்மார்க்கின் கார்ல்ஸ்பெர்க் ஆய்வகத்தில் எமில் கிறிஸ்தியன் ஹான்சன் இன்னொரு படி முன்னேறினார். ஒரே ஒரு ஈஸ்ட் செல்லிலிருந்து தூய ஈஸ்ட்டை வளர்த்தெடுத்தார். பாக்டீரியா மட்டுமல்ல, வேண்டாத காட்டு ஈஸ்ட்டும் பானத்தைக் கெடுக்கும் என்பது அப்போது தெளிவாயிற்று.

இதன்பின் 'சுத்தம்' என்ற சொல்லின் பொருளே மாறிவிட்டது. கண்ணுக்குத் தெரியும் அழுக்கு போனால் போதாது. தெரியாததும் போக வேண்டும்.

ஆலை கண்ட வழி

ஆலைகளுக்கு வேதியியல் கைகொடுத்தது. எரிசோடா எனப்படும் சோடியம் ஹைட்ராக்சைடு மலிவாகக் கிடைக்கத் தொடங்கியது. அதன் சூடான கரைசலில் ஊறும்போது கொழுப்பு சோப்பாக மாறிக் கரைகிறது, புரதங்கள் சிதைகின்றன, வெளியே ஒட்டிய லேபிளும் உரிந்துவிடுகிறது. ஊறவைக்கும் தொட்டிகளும் நீர் பீச்சும் குழாய்களும் கொண்ட இயந்திரங்கள் வந்தன.

புட்டிகளும் மாறின. 1892இல் அமெரிக்காவின் பால்டிமோர் நகர வில்லியம் பெயின்ட்டர், இன்றும் சோடா புட்டிகளில் காணும் பல் விளிம்புத் தகர மூடிக்குக் காப்புரிமை பெற்றார். 1903இல் மைக்கேல் ஓவன்ஸ் தானாகவே புட்டி செய்யும் இயந்திரத்தை உருவாக்கினார். எல்லாப் புட்டிகளும் ஒரே அளவில் வந்ததால் இயந்திரத்தில் கழுவுவது எளிதாயிற்று. (நம் ஊர்க் கோலி சோடா புட்டி, 1872இல் இங்கிலாந்தின் ஹைராம் காட் காப்புரிமை பெற்ற வடிவம். கழுத்துக்குள் கோலி கிடப்பதால், உள்ளே தூரிகை விட்டுக் கழுவுவோரின் பொறுமையைச் சோதிக்கும் புட்டி அது.)

ஆலையிடம் இன்னோர் ஆயுதமும் இருந்தது. அதுவும் பாஸ்டர் தந்ததே. நிரப்பி மூடிய புட்டியை அப்படியே சூடாக்கிவிட்டால், கழுவும்போது தப்பிய கிருமிகளும் மடிந்துவிடும்.

வீட்டில் ஏன் கடினம்?

மேலை நாடுகளில் பீர் முதலில் வீட்டுப் பொருளாகத்தான் இருந்தது. பிறகு சட்டம் குறுக்கிட்டது. பிரிட்டனில் 1880 முதல் வீட்டில் பீர் வடிப்போருக்கும் உரிமம் தேவைப்பட்டது. அந்த விதி 1963இல் நீக்கப்பட்டது. அமெரிக்காவில் 1920 முதல் 1933 வரை மதுவிலக்கு. அது நீங்கிய பின்னும் வீட்டு பீருக்கு மத்திய அரசின் அனுமதி கிடைக்கவில்லை. 1978இல் குடியரசுத் தலைவர் கார்ட்டர் கையெழுத்திட்ட சட்டம்தான் அதற்கு வழி திறந்தது. (தமிழ்நாட்டில் வீட்டில் மது தயாரிப்பது குற்றம். நாம் இங்கே பார்ப்பது அறிவியலை மட்டுமே.)

வீட்டில் வடிப்பவர் காலிப் புட்டிகளைச் சேர்த்து வைத்துத்தான் நிரப்புகிறார். ஆலையின் கடைசி ஆயுதத்தை அவர் பயன்படுத்த முடியாது. ஏன் தெரியுமா? அவருடைய பீரில் வாயு புட்டிக்குள்தான் உண்டாகிறது. நொதித்து முடிந்த பீரில் சிறிது சர்க்கரை சேர்த்து மூடிவிடுவார். எஞ்சிய ஈஸ்ட் அச்சர்க்கரையைத் தின்று கரியமில வாயுவை வெளியிடும். வெளியேற வழியின்றி வாயு பானத்தில் கரையும். மூடியவுடன் சூடாக்கினால் ஈஸ்ட்டும் இறந்துவிடும். பானத்தில் பொங்குதல் இராது. ஆக, வேண்டிய உயிரைக் காக்க வேண்டும், வேண்டாத உயிரை உள்ளே விடக் கூடாது. இதற்கு அவரிடம் உள்ள ஒரே காவல், நிரப்புமுன் புட்டி சுத்தமாக இருப்பதுதான்.

காவல் தவறினால் பானம் புளிப்பதோடு போகாது. சாதாரண பீர் ஈஸ்ட்டால் தின்ன முடியாத மாச்சர்க்கரைகள் பானத்தில் எஞ்சியிருக்கும். சில காட்டு ஈஸ்ட்டுகள் அவற்றையும் தின்னும். வாயு மேலும் மேலும் பெருகி, ஒருநாள் புட்டி வெடிக்கும். கண்ணாடித் துண்டுகள் கண்ணைக் குருடாக்கவும் கூடும்.

இரண்டு வேலைகள்

ஆகவே, அனுபவமுள்ளவர்கள் இதை இரண்டு தனி வேலைகளாகப் பிரிக்கிறார்கள். ஒன்று, அழுக்கை நீக்குதல். மற்றொன்று, கிருமியைக் கொல்லுதல். வரிசையை மாற்றக் கூடாது.

காலிப் புட்டியின் அடியில் கொஞ்சம் ஈஸ்ட்டும் சர்க்கரையும் எப்போதும் தங்கும். அவை காய்ந்தால் கண்ணாடியோடு ஒட்டி, நுண்ணுயிர்களுக்கு வீடாகிவிடும். அங்கே கூட்டமாக வளரும் பாக்டீரியாக்கள் தம்மைச் சுற்றிப் பசை போன்ற ஓர் உறையைச் சுரந்துகொள்ளும். கிருமிநாசினியை மேலே ஊற்றினால் உறையின் வெளிப்புறத்தில் உள்ளவை சாகும். உள்ளே இருப்பவை பிழைக்கும். மேலும், குளோரின் போன்ற நாசினிகள் அழுக்கோடு வினைபுரிந்தே தம் வலிமையை இழந்துவிடும்.

எனவே புட்டி காலியானவுடன் அலசிவிடுவதே பாதி வேலை. மறந்து காய்ந்து போனதை, சலவை சோடா கலந்த வெந்நீரில் ஓரிரவு ஊறவைத்துத் தூரிகையால் தேய்க்கிறார்கள். வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்க்கிறார்கள். கடின நீரில் சோடா சேர்ந்தால் கால்சியம் கார்பனேட் வெண்படலமாகப் படியும். அலசிய பின் நீர்த்த அமிலத்தால் அதைக் கரைக்கிறார்கள். விளிம்பு உடைந்ததையும் உட்புறம் கீறல் விழுந்ததையும் தயங்காமல் ஒதுக்குகிறார்கள். கீறல் கிருமியின் ஒளிவிடம்.

அதன் பிறகே நாசினி அல்லது வெப்பம். சலவைத் தூளில் உள்ள குளோரின் நல்ல கிருமிக்கொல்லிதான். ஆனால் அதன் எச்சம் பானத்திலுள்ள பீனால் வகைப் பொருள்களோடு சேர்ந்தால் மருந்து நாற்றம் வீசும். மிக நுண்ணிய அளவே போதும். சலவைத் தூளோடு அமிலத்தைச் சேர்ப்பதோ இன்னும் ஆபத்து. நச்சு வாயுவான குளோரின் கிளம்பும். ஈயக் குண்டு கற்பித்த பாடம் இங்கும் பொருந்துகிறது அல்லவா?

நம் வீடுகளில் ஊறுகாய் ஜாடியைக் கழுவி, துடைத்து, வெயிலில் காயவைத்த பிறகே நிரப்புகிறார்கள். ஈரம் இருந்தால் பூசணம் பிடிக்கும் என்பது பாட்டிமார்களுக்குத் தெரியும். முதலில் அழுக்கு, பிறகு கிருமி என்ற வரிசை அதிலும் இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத எதிரியைப் பாஸ்டர் காட்டுமுன்பே அனுபவம் அதை உணர்ந்திருந்தது.

பெய்ஸ்லியில் மிதந்து வந்ததாகச் சொல்லப்பட்ட நத்தை, ஒருவகையில் கருணையுள்ள அழுக்கு. அது கண்ணில் பட்டது. கரைந்த ஈயமும் ஒளிந்திருக்கும் காட்டு ஈஸ்ட்டும் அப்படிக் காட்சி தருவதில்லை. அடுத்த முறை ஒரு பழைய புட்டியைக் கையில் எடுக்கும்போது, அது பளபளக்கிறதா என்று மட்டும் பாராதீர்கள். முன்பு அதில் இருந்தது என்ன, அதைக் கழுவியது எதனால், கழுவிய பொருள் முழுவதும் வெளியேறியதா என்றும் கேளுங்கள்.