ஆறு விலகினாலும் அகலாத எழுத்து

தூத்துக்குடியிலிருந்து திருச்செந்தூர் செல்லும் சாலையில் நாங்கள் சிலர் ஒருநாள் பயணப்பட்டோம். முக்காணியருகே தாமிரபரணியைக் கடந்து, வெற்றிலைக்குப் பெயர்பெற்ற ஆத்தூரை அடைந்ததும் கிழக்கே திரும்பினோம். கொடிக்கால்களின் பசுமை மறைந்து உப்பளங்களின் வெண்மை தோன்றிற்று. சாலை முடிந்த இடத்தில், ஆறு கடலோடு கலக்கும் முகத்துவாரத்தில், புன்னைக்காயல் எங்களை வரவேற்றது.

இவ்வாற்றின் வரலாறே இக்கரைத் துறைமுகங்களின் வரலாறு. சங்க காலத்தில் முத்தால் புகழ்பெற்ற கொற்கை, ஆறு கொணர்ந்த வண்டலால் கடலைவிட்டு விலகிப்போயிற்று. 13-ஆம் நூற்றாண்டில் மார்க்கோ போலோ குறித்துச் சென்ற காயலும் பின்னர் தூர்ந்தது. 16-ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கீசியர் புன்னைக்காயலைத் தம் தளமாகக் கொண்டனர். அப்பெருமையும் நாளடைவில் தூத்துக்குடியைச் சேர்ந்தது.

எனினும், இவ்வூரின் புகழ் கப்பல்களோடு போய்விடவில்லை. 1542-இல் முத்துக்குளித்துறைக்கு வந்த தூய சவேரியார், மொழிபெயர்ப்பாளர் துணையோடு செபங்களை மனப்பாடம் செய்து கற்பித்தார். 1547-இல் வந்த அண்டிரிக்கி அடிகளாரோ மக்களின் மொழியையே தம் மொழியாக்கிக்கொண்டார். போர்த்துக்கல் நாட்டினரான அவர் தமிழுக்கு இலக்கணம் வகுத்தார். இவ்வூரில் மருத்துவமனை கண்டார். 1553-இல் ஊர் தாக்கப்பட்டபோது சிறைப்பட்டார். அவருடைய ‘தம்பிரான் வணக்கம்’ 1578-இல் கொல்லத்தில் அச்சேறியது. பதினாறே பக்கங்கள் கொண்ட அச்சிறுநூலே இந்திய மண்ணில் தமிழ் எழுத்தில் அச்சான முதல் நூல். 1586-இல் வெளிவந்த ‘அடியார் வரலாறு’ புன்னைக்காயலிலேயே அச்சிடப்பட்டதென அறிஞர் பலர் கருதுவர். அடிகளார் 1600-இல் இவ்வூரிலேயே கண்மூடினார். தூத்துக்குடியில் அடக்கம் செய்யப்பட்டார்.

அச்சுக்கூடம் இருந்த இடம் எது? கரையில் வலையைச் சீர்செய்துகொண்டிருந்த பெரியவரை வினவினோம். “பெரியவங்க சொல்லிக் கேட்டிருக்கேன் ஐயா, இடம் தெரியாது” என்றார். பிறகு, “ஆத்தைக் கேட்டாத்தான் தெரியும்” என்று சொல்லிச் சிரித்தார். எங்களால் சிரிக்க இயலவில்லை.

அந்நூல்களின் அச்சுக்குப் பொருள் தந்தவர்கள் மூச்சடக்கிக் கடலில் மூழ்கி முத்தெடுத்த இக்கரை மக்கள். இன்றோ, ‘தம்பிரான் வணக்கத்தின்’ படியைக் காண அமெரிக்காவின் ஹார்வர்டுக்கும், ‘அடியார் வரலாற்றின்’ படியைக் காண வத்திக்கானுக்கும் செல்லவேண்டியுள்ளது. பிந்தியதை 1967-இல் இராசமாணிக்கம் அடிகளார் மறுபதிப்பாக வெளியிட்டதாலன்றோ நாம் படிக்க முடிகிறது!

ஆறு திசைமாறுவதைத் தடுக்க நம்மால் இயலாது. ஆனால், நம் ஆலயங்களின் அலமாரிகளில் பழைய திருமுழுக்குப் பதிவேடுகளும் கையெழுத்துச் சுவடிகளும் செல்லரித்துப்போவது ஆற்றின் குற்றமா? அவற்றுள்தான் நம் முன்னோரின் பெயர்கள் இருக்கின்றன. பொழுது சாயப் புறப்பட்ட எங்களோடு இவ்வினாவும் பயணம் செய்தது. ஊர் திரும்பியதும் முதற்காரியமாக எங்கள் பங்கின் அலமாரியைத் திறந்து பார்ப்பதெனத் தீர்மானித்தோம். வாசகரே, உங்கள் பங்கின் அலமாரியை எப்போது திறக்கப்போகிறீர்கள்?